மரபணுவா, மன அழுத்தமா?

பாம்பனில் அத்தைக்கு, உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் வந்தபோது, அம்மா வழி வியாதி என்றார்கள் சிலர். மாமா கடலுக்குப் போன இரவுகளின் கவலை என்றார்கள் மற்றவர்கள்.

மரபணுவின் பங்கு பெரிதுதான். எச்எல்ஏ-டிஆர்4 என்ற மரபணு வகை இருந்தால் ஆபத்து கூடும். ஆனாலும் ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது சுமார் 15 சதவீதம்தான்.

மீதி எங்கே? கவலையின்போது சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் வழக்கமாக அழற்சியை அடக்கும். கவலை மாதக்கணக்கில் நீடித்தால் எதிர்ப்புச் செல்கள் அதன் பேச்சைக் கேட்காமல் போகலாம். 2018-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், மன அழுத்தக் கோளாறு உள்ளவர்களிடம் முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள் அதிகம் தெரிந்தன. அதுவே காரணம் என்று அது நிரூபிக்கவில்லை.

எனக்கு மரபணுதான் விறகு, கவலை தீப்பொறி என்று படுகிறது. அத்தை மாத்திரையை விடவில்லை. அப்புறம், இப்போது இரவில் தூங்கவும் செய்கிறார்.