உயரக் கோட்டருகே நிற்கும் பிள்ளையோடு: ராட்டினங்களில் சில ஆண்டுகள்

பாளையங்கோட்டையில் வசிக்கும் எங்களுக்குப் பெரிய கேளிக்கைப் பூங்கா என்றால் அது ஓர் இரவுப் பயணத்துக்கு அப்பால்தான் இருக்கிறது. பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் தென்காசி, செங்கோட்டை, கொல்லம் வழியாகக் காலையில் எர்ணாகுளம் போய்ச் சேரலாம். அங்கிருந்து வொண்டர்லா அமைந்துள்ள பள்ளிக்கரைக்குப் போக வேண்டும். இவ்வளவு செலவும் அலைச்சலும் பட்டுப் போன பிறகு, பிள்ளையை ஓர் அளவுகோல் கம்பத்தின் அருகே நிறுத்தி, "இந்தப் பாப்பா ஏற முடியாது" என்று ஊழியர் சொல்லும்போது பெற்றோருக்குக் கோபம் வருவது இயல்பு. எங்கள் மகள் 120 சென்டிமீட்டரை நெருங்கிய காலம் தொடங்கி 140-ஐத் தாண்டும் வரை பல இடங்களில் இந்தக் கம்பத்தைப் பார்த்துவிட்டோம். அந்த ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான்: கம்பத்தில் உள்ள உயர வரம்புக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் பிள்ளையை எப்படி உள்ளே அனுப்புவது என்று யோசிப்பதைவிட, கோட்டை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாண்டும்வரை காத்திருப்பதே நல்லது.

உயர வரம்பு பிள்ளையின் துணிச்சலை அளப்பதற்காக வைக்கப்பட்டதன்று. ராட்டினம் உச்சியிலிருந்து சரியும்போது உடல் இருக்கையை விட்டு மேலே எழும்புகிறது. அந்த நொடியில் ஆளைப் பிடித்து வைத்திருப்பது மடிக் கம்பியோ தோள்பூட்டோதான். குட்டையான பிள்ளைக்கு முதுகு சாய்மானத்தில் படியுமாறு உட்கார்ந்தால் முழங்கால் இருக்கையின் விளிம்புக்கு வருவதில்லை. ஆகவே வசதிக்காக முன்னால் நகர்ந்து உட்காரும், இடுப்பு சரியும், கம்பி தொடையில் அழுந்த வேண்டிய இடத்தில் வயிற்றின் மேல் வெறுமனே கிடக்கும். கால் தரையில் ஊன்றாததால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளவும் அதனால் முடியாது. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து, திருப்பி அனுப்பும் ஊழியரிடம் நான் வாதாடியதில்லை. நுழைவாயிலில் அளந்து கைப்பட்டை கட்டிவிட்ட ஒரு பூங்காவில், ராட்டினத்தருகே இருந்த இளைஞர் மீண்டும் அளந்து, மகளின் உச்சிக் கொண்டையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்து, மறுத்துவிட்டார். அவர் தம் வேலையைச் சரியாகச் செய்தார் என்றே சொல்வேன்.

பெற்றோர் பலர் கவனிக்காத இன்னொன்று, இருவருக்கும் சேர்த்து ஒரே கம்பி இறங்கும் இருக்கை. அந்தக் கம்பி பெரியவரின் தொடையிலோ வயிற்றிலோ முட்டியதும் நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் ஒல்லியான பிள்ளைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி மிஞ்சும். "அப்பா பக்கத்தில் இருக்கிறார், பயமில்லை" என்று நாம் நம்புகிற அதே ஏற்பாடுதான் பிள்ளையின் பிடியைத் தளர்த்துகிறது. என் உடல்வாகு பருமன் என்பதால், அத்தகைய இருக்கைகளில் மகளோடு என் மைத்துனியின் மகள்தான் உட்காருவாள். இருவரும் ஏறத்தாழ ஒரே பருமன், கம்பி இருவருக்கும் படியும். படியாவிட்டால் உயரம் சரியாக இருந்தாலும் இறங்கிவிடுவது என்று வைத்துக்கொண்டோம்.

வீட்டில் அளப்பதை ஒழுங்காகச் செய்தால் பயணத்தின் பாதி ஏமாற்றம் குறைந்துவிடும். செருப்பில்லாமல், குதிகால் சுவரைத் தொட, பார்வை நேராக இருக்க, தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துப் பென்சிலால் கோடிட வேண்டும். மாலையில் அளப்பது நல்லது. நாள் முழுவதும் நிமிர்ந்திருப்பதால் முதுகெலும்புத் தட்டுகள் அழுந்தி, காலையில் எழுந்தபோது இருந்த உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கும் குறையக்கூடும். மாலை அளவிலேயே வரம்பைத் தாண்டியிருந்தால்தான் பூங்காவில் எந்த நேரத்திலும் மறுப்பு வராது. நாலைந்து வயதுக்கும் பருவ வளர்ச்சி தொடங்குவதற்கும் இடையில் பிள்ளைகள் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்கிறார்கள். ஆகவே இரண்டு சென்டிமீட்டர் குறைகிறது என்றால் நாலைந்து மாதம் பொறுத்தால் போதும். காலாண்டு விடுமுறைக்குத் திட்டமிட்டதைக் கோடை விடுமுறைக்குத் தள்ளிவைக்கலாம். ஷூவுக்குள் துணி மடித்து வைத்து அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெற்ற பிள்ளைக்கு அப்படிச் செய்ய மனம் எப்படி வருகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வொண்டர்லாவில் 140 சென்டிமீட்டருக்குக் குறைந்த பிள்ளைக்குச் சிறுவர் கட்டணம்தான். ஆனால் பெரிய ராட்டினங்களில் பலவற்றுக்கும் அதே 140-தான் வரம்பு. 138-இல் நிற்கும் பத்து வயதுப் பிள்ளைக்குக் குழந்தைகள் பகுதி சலித்திருக்கும், பெரியவை கிடைக்கமாட்டா. அந்த இடைக்காலத்தில் குடும்பமாக ஏறும் நடுத்தர ராட்டினங்களும் தண்ணீர்ப் பகுதியும்தான் கைகொடுத்தன.

நம் ஊர்ப் பொருட்காட்சி வேறு கதை. நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாவை ஒட்டி வருகிற ராட்டினங்களிலும், குலசை தசராக் கூட்டத்தில் போடப்படுகிறவற்றிலும் ஆளைக் கண்ணால் பார்த்தே ஏற்றுவதுதான் வழக்கம். கம்பம் இல்லாத இடத்தில் பெற்றோர்தான் கம்பம். கொலம்பஸ் என்னும் ஊஞ்சல் கப்பலில் இரு முனைகளும்தான் மிக உயரம் போகும் என்பதால் பிள்ளையை நடு வரிசையில் உட்கார வைப்போம். சுழலும் ராட்டினங்களில் உடல் வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். எனவே பெரியவர் வெளியோரத்திலும் பிள்ளை உட்புறத்திலும் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் பெரியவரின் எடை முழுவதும் பிள்ளைமேல் சாயும். பூட்டின் கொக்கி மாட்டியிருக்கிறதா, கம்பியை மேலே தள்ளினால் அசைகிறதா என்று நானே கையால் பார்க்காமல் ஏற்றியதில்லை. கொக்கிக்குப் பதில் கயிறு கட்டியிருந்த ராட்டினத்தை விட்டு, டிக்கெட்டைக் கிழித்த பிறகும் இறங்கி வந்திருக்கிறோம்.

பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது பெரிய உதவி. "போய்ப் பார்ப்போம்" என்று கூட்டிக்கொண்டு போனால் வரிசையில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு அழுகைதான் மிஞ்சும். புறப்படுவதற்கு முந்தின வாரமே பூங்காவின் ராட்டினப் பட்டியலைப் பார்த்து, எதில் ஏறலாம், எதில் ஏற முடியாது என்று மகளையே எழுதச் சொல்வோம். ஒருமுறை, "யப்பா, இது அடுத்த வருசத்துக்கு" என்று அவளே ஒன்றை அடித்துவிட்டுக் கொடுத்தாள். அவளுடைய ஆச்சிக்குத்தான் பொறுக்கவில்லை: "எம்பிள்ள என்ன குட்டையா? கம்பத்த ஒழுங்கா நட்டிருக்கானுவளான்னு மொதல்ல பாரு."

இப்போது 143 ஆகிவிட்டாள், பெரிய ராட்டினங்களில் ஏறுகிறாள். ஆனாலும் எடை குறைவு என்பதால், தோள்பூட்டு இறங்கியதும் அது தோளில் படிகிறதா, இடுப்பு வார் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, இடைவெளி தெரிந்தால் கையை உயர்த்தி ஊழியரைக் கூப்பிட வேண்டும் என்று பழக்கியிருக்கிறோம். அண்மையில் ஒருமுறை அப்படிக் கூப்பிட்டாள். அவர் வந்து பூட்டை இன்னும் இரண்டு படி இறக்கிவிட்டுப் போனார்.