கைப்பேசியில் மோர்ஸ் விசைப்பலகை: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில், எழுத்துகளைப் புள்ளிகளாலும் கோடுகளாலும் குறிக்கும் பழைய தந்தி முறையான மோர்ஸ் 2018ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. பெருமூளை வாதத்துடன் பிறந்து, தலையசைவால் இயங்கும் சுவிட்சுகளைக் கொண்டு மோர்ஸிலேயே பேசிவரும் டானியா ஃபின்லேசன் இந்த வசதியின் உருவாக்கத்தில் பங்கேற்றார். எனக்கு அத்தகைய தேவை ஏதும் இல்லை. பொடி எழுத்துகள் நெருங்கிக் கிடக்கும் வழக்கமான விசைப்பலகையில் என் கட்டைவிரல்கள் அடிக்கடி தடுமாறியதால் இதற்கு மாறினேன்; அன்றாடக் குறுஞ்செய்திகளில் பெரும்பகுதியை இப்போது இதில்தான் எழுதுகிறேன்.

திரையின் கீழ்ப்பகுதியில் புள்ளிக்கு ஒன்று, கோட்டுக்கு ஒன்று என இரண்டு பெரிய விசைகள் இருக்கின்றன. தந்திக் கருவியில் கோட்டுக்காக அழுத்தும் நேரம் புள்ளிக்கானதைப்போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். இங்கோ கோட்டுக்குத் தனி விசை இருப்பதால் இரண்டுமே ஒரு தட்டுத்தான். தாளம் பழகாதவரும் எளிதில் தொடங்கிவிட முடிவதற்கு இதுவே காரணம். ஆனால் இப்படிப் பழகியவருக்கு மோர்ஸைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறமை தானாக வந்துவிடாது. எனக்கு இன்றுவரை வரவில்லை.

தாளம் தேவையில்லை என்றாலும் இடைவெளி தேவை. ஓர் எழுத்து முடிந்தது என்பதை, நாம் தட்டாமல் விடும் நேரத்தை வைத்தே விசைப்பலகை அறிகிறது. அந்தக் காத்திருப்பு நேரத்தை அமைப்புகளில் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம். அதை நீளமாக வைத்துக்கொண்டு வேகமாகத் தட்டினால் அடுத்தடுத்த எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும். 'சரி' என்று எழுத முனையும்போது, எஸ்ஸின் மூன்று புள்ளிகளும் ஏ எழுத்தின் ஒரு புள்ளி, ஒரு கோடும் சேர்ந்து எண் 4 ஆகிவிடும். நேரத்தை மிகக் குறைத்தாலோ 'அம்மா'வில் வரும் எம் உடைந்து இரண்டு டீ ஆகும். ஆகவே முதலில் தாராளமாக வைத்து, கை பழகப்பழகச் சிறிது சிறிதாகக் குறைப்பதே நல்லது. இந்த அமைப்பைத் தொடாமலேயே மோர்ஸ் கடினம் என்று கைவிடுவது அவசர முடிவு என்பேன்.

இதில் நான் தமிழ் எழுத்துகளில் எழுதுவதில்லை. சர்வதேச மோர்ஸ் அட்டவணையில் இருப்பவை ரோமன் எழுத்துகளே என்பதால், நம் பேச்சைத் தங்கிலீஷாகத்தான் தட்ட வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் ஈ எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி. நாம் சொல்லுக்குச் சொல் போடும் ஏ எழுத்துக்கோ இரண்டு தட்டு. ழகரத்துக்காக இசட், எச் இரண்டையும் போட்டால் எட்டுத் தட்டு ஆகிறது (நான் எல் மட்டும் போட்டு ஒப்பேற்றிவிடுகிறேன்). தமிழ்ச் சொற்களை ஆங்கிலமாக மாற்றிவிடாமலிருக்கத் தானியங்கித் திருத்தத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

வேகத்தைப் பற்றிப் பேசுவோர், 2005இல் அமெரிக்காவின் ஜே லெனோ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஹாம் வானொலியாளர் (பொழுதுபோக்காக வானொலியில் செய்தி பரிமாறுபவர்) இருவர் குறுஞ்செய்திப் போட்டியாளர்களை மோர்ஸால் வென்றதை மேற்கோள் காட்டுவதுண்டு. அது எண்விசைக் கைப்பேசிகளின் காலம். வென்றவர்களோ காதும் கையும் தேர்ந்தவர்கள். இன்று விரலை இழுத்து எழுதுவோரையும் குரலால் எழுதுவோரையும் இந்த விசைப்பலகையைக் கொண்டு முந்த முடியும் என்று நான் நம்பவில்லை. எண்களில் நிலைமை இன்னும் மோசம்: ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஐந்து தட்டு என்பதால் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணுக்கு ஐம்பது தட்டு வேண்டும். அப்போது தயங்காமல் வழக்கமான விசைப்பலகைக்கு மாறிவிடுகிறேன்.

இதன் உண்மையான பலன் வேறிடத்தில் இருக்கிறது. குலுங்கும் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகைக் கட்டைவிரலால் 'வந்துட்டே இருக்கேன்' என்று விசைகளைப் பார்க்காமலேயே என்னால் எழுத முடிகிறது. விரல்களை நுட்பமாக அசைக்க இயலாதவருக்கோ இது வெறும் வசதியாக நின்றுவிடுவதில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வெளிச் சுவிட்சுகளை இணைத்துப் புள்ளியையும் கோட்டையும் அவற்றுக்கு ஒதுக்கிவிட்டால், திரையைத் தொடாமலேயே செய்தி எழுதலாம். வீட்டில் அப்படி ஒருவருக்காக இதை அமைப்பவர்கள், காத்திருப்பு நேரத்தைத் தங்கள் கைக்கேற்ப வைக்காமல், பயன்படுத்தப்போகிறவரையே தட்டச் சொல்லிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.