மேல் மேடும் கீழ் மேடும்: நடுமூளையின் இரு காவல்கள்

மதுரையில் சித்திரைத் தேர் மாசி வீதிகளில் அசைந்து வருகிறது. கூட்டத்தில் நிற்கிறீர்கள். எங்கோ ஒரு வேட்டுச் சத்தம். என்னவென்று யோசிப்பதற்குள் தலை திரும்பிவிடுகிறது. இந்த வேகத்தில், மூளைத்தண்டின் மேல்பகுதியான, சுமார் 2 சென்டிமீட்டர் நீளமே உள்ள நடுமூளைக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் முதுகுப்புறத்தில் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக 4 சிறு மேடுகள் இருக்கின்றன.

மேல் மேடுகள் பார்வைக்கு உரியவை. விழித்திரையிலிருந்து நரம்பிழைகள் நேராகவே இங்கு வருகின்றன. ஓரக்கண்ணில் ஏதாவது அசைந்தால் விழியையும் கழுத்தையும் அந்தப் பக்கம் திருப்புவது இவற்றின் வேலை. ஆழமான அடுக்குகளுக்கு ஒலியும் தொடுகையும்கூட வந்து சேர்கின்றன. கண்டதும் கேட்டதும் ஒரே வரைபடத்தில் பொருந்தும் இந்த ஏற்பாட்டைப் படிக்கும்போதெல்லாம் வியந்துபோகிறேன்.

கீழ் மேடுகள் செவிக்கு உரியவை. இரு காதுகளின் செய்தியும் பெருமூளைக்கு ஏறும் வழியில் ஏறத்தாழ முழுவதும் இங்கே தங்கித்தான் செல்கிறது.

வேட்டுச் சத்தத்தைக் கீழ் மேடு அறிவிக்கிறது. தலையை மேல் மேடு திருப்புகிறது. இரண்டில் மேல் மேட்டையே கூடுதல் கவனத்துக்கு உரியதாக நினைக்கிறேன். அதை ஒட்டியே, உறக்கத்துக்கு உதவும் மெலடோனினைச் சுரக்கும் பினியல் சுரப்பி இருக்கிறது. அங்கே கட்டி வளர்ந்து நடுமூளையை அழுத்தினால் விழிகளை மேல்நோக்கி உயர்த்துவது கடினமாகும். தலையை அசைக்காமல் மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுர உச்சியைப் பார்க்க ஒருவர் புதிதாகத் திணறினால், தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.