வயிற்றுப்பிள்ளையோடு ஒகேனக்கல்: எதற்குப் போகலாம், எதை விட்டுவிடணும்

பெங்களூர்ப் பக்கத்து பொழுதுபோக்குப் பூங்காக்களில் பெரிய ராட்டினங்களின் வாசலில் பலகை வைத்திருப்பார்கள்: கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், முதுகுவலி உள்ளவர்கள் ஏறக்கூடாது. ஒகேனக்கல்லில் அப்படி ஒரு பலகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பரிசல், அருவிக் குளியல், எண்ணெய் மசாஜ், தொங்குபாலம் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எது வேண்டாம் என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்பணும். பரிசல் துறையில் நின்றுகொண்டு "ஒரு ரவுண்டுதானே, ஒண்ணும் ஆகாது" என்று சொந்தபந்தம் கையைப் பிடித்து இழுக்கும்போது மறுப்பது அந்தப் பெண்ணுக்குத்தான் கஷ்டம்.

எங்கள் கணிப்பு இது. நாலாம் மாதம் முடிந்து ஏழாம் மாதம் தொடங்குவதற்குள், சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பம் என்றால், தண்ணீர் மிதமாக ஓடும் ஒரு வாரநாளில் அரை நாள் போய் வரலாம். ஆற்றைப் பார்க்கவும் மீன் சாப்பிடவும் அருமையான இடம். கர்ப்பிணிக்கு 5-க்கு 3 கொடுக்கலாம். பரிசலையும் அருவிக் குளியலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 1-க்கு மேல் தரமுடியாது. நஞ்சுக்கொடி (பிளசண்டா) கீழே இறங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லப்பட்டவர்கள், கருப்பை வாயில் தையல் போட்டவர்கள், இரட்டைப் பிள்ளை, ரத்தக்கசிவு, பி.பி. உள்ளவர்கள் இந்தப் பயணத்தையே தள்ளிப்போடுங்கள்.

முதல் சிக்கல் தண்ணீரில் இல்லை, ரோட்டில் இருக்கிறது. தருமபுரியிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர். பென்னாகரம் வரை பரவாயில்லை. மடம் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதை. வழியில் குமட்டினாலும் ஒன்றுக்கு வந்தாலும் ஒதுங்க வசதி இல்லை, அதனால் பென்னாகரத்திலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போனால் கடைசி சீட் வேண்டவே வேண்டாம். பின்சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஒவ்வொரு குழியும் இடுப்பில் இறங்கும், நடுவில் உட்காருங்கள். காரில் சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், தொடையை ஒட்டி இடுப்பெலும்பின் மேல் வரணும். மேல்பட்டை மார்புக்கு நடுவே வந்து வயிற்றின் ஓரமாக இறங்கணும். வயிறு அழுந்துகிறது என்று பெல்ட்டைக் கழற்றிவிடுவதுதான் ஆபத்து. பைக்கில் ஒருக்களித்து உட்கார்ந்து அந்த இறக்கத்தில் போவதை நினைத்தும் பார்க்கவேண்டாம்.

பரிசலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லணும், ஏனென்றால் எல்லோரும் ஆசைப்படுவது அதற்குத்தான். மூங்கில் தப்பைகளால் பின்னி, தண்ணீர் புகாத உறை போட்ட வட்டக் கூடை அது. இருக்கை கிடையாது. அடியில் முழங்காலை மடக்கி உட்காரணும். ஆறாம் மாத வயிறு அப்படியே மடிந்து அழுந்தும். ஏறும்போது ஒரு கால் பாறையில், மறு கால் பரிசலில் இருக்கும் அந்த ஒரு நொடியில் பரிசல் சாய்ந்து விலகும். வழுக்கல் பெரும்பாலும் அங்கேதான். நடு ஆற்றில் பரிசலைச் சுழற்றிக் காட்டுவது இங்கே வழக்கம், தலைசுற்றலும் வாந்தியும் உள்ளவர்களுக்கு அதுவே போதும். தண்ணீர் குறைந்த காலத்தில் அடிப்பக்கம் பாறையில் தட்டும். சில இடங்களில் இறங்கிப் பாறைமேல் நடந்து மறுபடி ஏறவேண்டியும் வரும்.

அந்தத் தட்டலில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். கருப்பைத் தசை நெகிழும், சுருங்கும். அதில் ஒட்டியிருக்கும் நஞ்சுக்கொடிக்கு அந்த நெகிழ்வு கிடையாது. உடம்பு வேகமாகக் குலுங்கிச் சட்டென்று நிற்கும்போது இரண்டும் ஒன்றுபோல் அசையாமல், ஒட்டிய இடத்தில் நஞ்சுக்கொடி பிரிந்துவிடலாம். வயிற்றில் நேராக அடி விழணும் என்று அவசியமில்லை. பெரிய ராட்டினங்களில் கர்ப்பிணிகளை ஏற்றாததற்கும் இதுதான் முக்கியக் காரணம். லைஃப் ஜாக்கெட் இருக்கிறதே என்றால், அதன் கீழ்ப்பட்டையை வயிற்றின்மேல் இறுக்கிக் கட்டமுடியாது. தளர்வாகக் கட்டிய ஜாக்கெட் தண்ணீரில் விழுந்ததும் மேலேறி முகத்தை மூடும். 2015-ல் பரிசல் கவிழ்ந்து சுற்றுலா வந்தவர்கள் உயிரிழந்த ஆறு இது. பரிசலோட்டிகள் திறமைசாலிகள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இது அவர்கள் திறமையால் தீர்கிற விஷயம் இல்லை.

அருவியில் தண்ணீரின் விசையைவிடத் தரைதான் பயம். பாசிபிடித்த பாறை ஒருபக்கம். மசாஜ் செய்துகொண்டவர்கள் உடம்பிலிருந்து வழியும் எண்ணெய் படிகளிலும் நடைபாதையிலும் படிந்திருப்பது இன்னொரு பக்கம். கர்ப்பத்தில் மூட்டுப் பிணைப்புகள் தளர்ந்திருக்கும், உடம்பின் எடை முன்னால் தள்ளியிருக்கும், வயிறு மறைப்பதால் காலடியும் தெரியாது. கைப்பிடிக் கம்பி உள்ள பாதையோடு நின்றுகொள்ளுங்கள். ரப்பர் செருப்பு கூடாது. பின்பட்டை உள்ள, அடியில் நல்ல பிடிப்புள்ள செருப்பு போடுங்கள்.

மசாஜும் வேண்டாம். கல்லில் குப்புறப் படுக்கமுடியாது. மல்லாந்து படுத்தால், 20 வாரத்துக்கு மேல் கருப்பை பெரிய ரத்தநாளத்தை அழுத்தி மயக்கம் வரலாம். கெண்டைக்காலை அழுத்திப் பிடித்துவிடுவதும் இந்தக் காலத்தில் நல்லதில்லை, ரத்தக்கட்டு இருந்தால் அது நகர்ந்துவிடலாம். ஆசையாக இருந்தால் உட்கார்ந்தபடி தலைக்கு மட்டும் எண்ணெய் வைத்துக்கொண்டு, தங்கும் அறையில் போய்க் குளியுங்கள். தமிழ்நாடு ஹோட்டலிலோ வேறு விடுதியிலோ அரை நாளுக்கென்றாலும் ஒரு அறை எடுப்பது வீண்செலவு இல்லை. சுத்தமான கழிப்பறைக்கும் இடதுபக்கமாகப் படுத்து அரைமணி ஓய்வெடுக்கவும் அது வேணும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் நீர்க்கடுப்பு வரும், வெயிலில் வயிறும் இறுக ஆரம்பிக்கும்.

இனி மீன். இதற்காகவே போகலாம். மீனை வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தரும் அக்காக்கள் அங்கே இருக்கிறார்கள். கர்ப்பிணிக்கு ஏற்ற ஏற்பாடு இதுதான், ஏனென்றால் எண்ணெயும் காரமும் நம் கையில் இருக்கும். ரோகு, கட்லா நல்லது. பெரிய வாளை மற்ற மீன்களைத் தின்று வளர்வது, அதில் பாதரசம் சேர வாய்ப்பு அதிகம், தவிர்க்கலாம். செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, அழுத்திய சதை மேலெழும்பி வருகிறதா என்று பாருங்கள். துண்டை அரை அங்குல கனத்துக்கு மேல் போடவேண்டாமென்று சொல்லுங்கள். கனமான துண்டு வெளியே கருகியும் நடுமுள் ஓரத்தில் பச்சையாகவும் நிற்கும். பிய்த்துப் பார்க்கும்போது சதை வெள்ளையாக இதழ் இதழாகப் பிரியணும். கண்ணாடிபோல் மினுங்கினால் திருப்பிக் கல்லில் போடச் சொல்லுங்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு வறுவலைவிடக் குழம்பு நல்லது. சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்கு பாய்ந்து இழுக்கும், அதில் தடுமாறி விழுவது சுலபம்.

தொங்குபாலம் கூட்டமில்லாத காலை நேரத்தில் நன்றாக இருக்கும். இளவட்டங்கள் ஆட்டிக்கொண்டிருந்தால் காத்திருங்கள்.

எப்போது போவது? டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஜூன் முதல் அக்டோபர் வரை கர்நாடக மழையைப் பொறுத்து ஆறு ஏறும். தருமபுரியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மாநில எல்லையில் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து பல ஆயிரம் கனஅடியாக உயர்ந்து, பரிசலுக்கும் குளியலுக்கும் தடை வரும். முந்தின நாள் செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஆடிப்பெருக்குக் கூட்டத்தில் கர்ப்பிணியை அழைத்துப்போகவே வேண்டாம். ஏழாம் மாதம் தொடங்கிவிட்டவர்களுக்கு கிருஷ்ணகிரி அணைப் பூங்கா போதும்: மலைப்பாதை இல்லை, ஊர் பக்கத்தில், மீன் வறுவலும் கிடைக்கும்.

பிக்மி எண் (கர்ப்பத்தை அரசில் பதிவு செய்ததும் தரும் எண்) உள்ள அட்டை, கடைசி ஸ்கேன், ரத்த வகை இவை கைப்பையில் இருக்கட்டும், காரில் வேண்டாம். விழுந்துவிட்டால், வலி இல்லை என்றாலும், பென்னாகரம் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வயிற்றில் அடிபட்டிருந்தாலோ உடம்பு வேகமாகக் குலுங்கியிருந்தாலோ குறைந்தது நாலு மணி நேரம் குழந்தையின் துடிப்பையும் வயிறு இறுகுவதையும் கவனிக்கணும். ரத்தக்கசிவு, நீர் கசிவு, விட்டுவிட்டு இறுக்கம், அசைவு குறைவு இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தாய் நெகட்டிவ் ரத்த வகை என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடம்பு திரும்பாமல் தடுக்கும் ஆன்ட்டி-டி ஊசியை 72 மணி நேரத்துக்குள் போட்டாகணும்.