வால்பாறை மலைப்பாதையில் எனக்குக் கைகொடுத்த இஞ்சியும் எலுமிச்சையும்

புகுந்த வீடு வால்பாறை. ஆழியாருக்கு மேலே வருகிற அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளும் எனக்கு அத்துப்படி, ஆனால் வயிறு மட்டும் பழகுவேனா என்கிறது. வாந்தி மாத்திரை போட்டால் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் கண்ணைச் சொக்கும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது அது சரிப்படாது. அதனால் பல வருஷமாக வீட்டு வைத்தியம்தான்.

இதில் நான் முழுசாக நம்புவது இஞ்சியை. தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, உப்பும் எலுமிச்சைச் சாறும் பிசிறி, வெயிலில் சுருங்கக் காயவைத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொள்வேன். பொள்ளாச்சியில் பஸ் ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே இரண்டு துண்டு வாயில் அடக்கிக்கொண்டால்தான் பலன், மலை ஏறி வாயில் எச்சில் ஊற ஆரம்பித்த பிறகு எதைத் தின்றாலும் அது வெளியேதான் வரும். வாந்தி நிற்கிறது, ஆனால் தலைச்சுற்றல் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. 1988ல் டென்மார்க்கில் 80 கடற்படைப் பயிற்சி மாணவர்களை வைத்துக் கொந்தளிக்கிற கடலில் சோதித்தபோதும் ஒரு கிராம் இஞ்சிப் பொடி வாந்தியையும் குளிர்வியர்வையையும் நன்றாகக் குறைத்தது, தலைச்சுற்றலில் அந்த அளவுக்குத் தெளிவான வித்தியாசம் இல்லை. பிள்ளைகளுக்குக் காரம் ஆகாது, அவர்களுக்கு இஞ்சி மரப்பாவில் பாதி. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

எலுமிச்சம்பழம் வாடைக்கு. டீசல் நெடி, முன் சீட்டில் யாரோ எடுத்த வாந்தி, இதெல்லாம் வரும்போது பழத்தை நறுக்காமல் தோலை நகத்தால் லேசாகக் கீறி மூக்கருகே வைத்தால் அந்த எண்ணெய் வாசம் சட்டென்று ஆளைத் தேற்றும், வாசம் குறைந்தால் இன்னொரு இடத்தில் கீறிக்கொள்ளலாம். மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல்கடை தள்ளி, கையின் உள்பக்கம் இரண்டு நரம்புக்கு நடுவே அழுத்தச் சொல்வார்கள், எனக்கு அதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை.

சாப்பாடு இரண்டு இட்லி, போதும். வெறும் வயிற்றோடு போனால் இன்னும் மோசம், பூரி, பரோட்டா பக்கமே போகக்கூடாது.

ஆனால் இது எல்லாவற்றையும் விட சீட்டும் கண்ணும் முக்கியம். வண்டி திரும்புவது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்குத் தெரிகிறது, முன் சீட்டின் முதுகையோ போனையோ பார்க்கிற கண் எதுவும் அசையவில்லை என்கிறது, இந்த முரண்பாட்டில்தான் குமட்டலே பிறக்கிறது. அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று டிரைவருக்கு முன்கூட்டியே தெரியும், அவருக்குப் பெரும்பாலும் வாந்தி வராது. அதனால் முன்பக்கத்து ஜன்னலோர சீட்டைப் பிடித்துச் சாலையைத் தூரமாகப் பாருங்கள், இல்லாவிட்டால் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சீட்டுதான் கிடைக்கும் என்றால் நான் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பேன், அந்த இடத்தில் இஞ்சியும் தோற்றுவிடும்.