லோட் ஷெடிங் போனாலும் வொண்டர்பேக்கை எடுத்து வைக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் ஆட்கள் பலர் வீட்டில் ஒரு வொண்டர்பேக் இருக்கும். 2022, 2023-இல் லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டில் ஸ்டேஜ் 6 என்ற கடுமையான கட்டத்தை அறிவித்து ஒரே நாளில் பல தடவை மின்சாரம் போய்க்கொண்டிருந்தபோது வாங்கியதாக இருக்கும். 2024 மார்ச் கடைசியில் லோட் ஷெடிங் நின்றது, மாதக்கணக்கில் விளக்கு அணையவே இல்லை, பையும் அலமாரி உச்சிக்கு ஏறிவிட்டது. அதைக் கீழே இறக்குங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மின்சாரம் இல்லாத நாளுக்கு என்று நினைத்துத்தான் எல்லோரும் வாங்கினோம், ஆனால் மின்சாரம் இருக்கும் நாளில்தான் அது அதிகம் மிச்சம் பிடிக்கிறது, ஏனென்றால் அப்போதுதான் பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டு மணிக்கணக்கில் கேட்பாரில்லாமல் கொதிக்க விடுகிறோம்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குட்டி மெத்தையைச் சுருட்டித் தைத்தது மாதிரி தடிமனான ஒரு துணிப்பை. உள்ளே ஃபோம் துண்டுகள், மேலே இழுத்துக் கட்ட ஒரு கயிறு. வயர் இல்லை, பேட்டரி இல்லை. சாரா காலின்ஸ் என்ற நம் நாட்டுப் பெண் 2008-இல் தொடங்கியது. யோசனை அதைவிட ரொம்பப் பழையது. உலகப் போர்க் காலத்தில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது ஐரோப்பாவில் வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் பானையை வைத்துத்தான் சமைத்தார்கள். எங்கள் ஆயாவும் பருப்புப் பானையைக் கம்பளியில் சுற்றி மூலையில் வைப்பார்.

இது வேலை செய்யும் விதம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது. பானை ஒரு தடவை நன்றாகக் கொதித்துவிட்டால், அதற்கப்புறம் அடுப்பு கொடுக்கும் சூடெல்லாம் பானையின் பக்கங்களிலும் மூடியிலும் காற்றோடு போகும் சூட்டை ஈடுகட்டத்தான். அந்தச் சூடு வெளியே போகாமல் அடைத்துவிட்டால் அடுப்பே வேண்டாம். பருப்பும் கறியும் வேக 100 டிகிரியிலேயே நிற்க வேண்டும் என்றில்லை, 80-க்கு மேல் இருந்தாலே மெதுவாக வெந்துகொண்டிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1500 வாட் மின் அடுப்பு பிளேட் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட், கால் மணி நேரம் என்றால் 0.4 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். பிரீபெய்ட் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அதோடு நம் மின்சாரத்தில் பெரும்பகுதி ம்புமலாங்கா மாகாணத்து நிலக்கரியை எரித்து வருவது. சோலார் போட எல்லாராலும் முடியாது, ஆனால் கொதித்த பானையை இறக்கிப் பைக்குள் வைக்க எல்லாராலும் முடியும்.

சரி, சமையலுக்கு வருகிறேன். துவரம்பருப்பு இதில் பிரமாதம். ஊறவைத்து, மஞ்சள் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டு, கொதி அடங்குவதற்குள் மூடியோடு பைக்குள் இறக்கிக் கட்டிவிட்டால் இரண்டு மூன்று மணி நேரத்தில் கரண்டியால் தட்டினாலே மசியும். அடிப்பிடிக்காது, பொங்கி வழியாது. புரட்டாசி விரதத்தில் மாதம் முழுக்கப் பருப்பும் பீன்ஸும் காய்கறியும்தானே, அந்த மாதம் எங்கள் வீட்டில் இந்தப் பைக்கு ஓய்வே கிடையாது.

சிவப்புப் புள்ளி போட்ட ஷுகர் பீன்ஸ் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும், இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பதால் நான் சொல்கிறேன். சிவப்பு கிட்னி பீன்ஸ், ஷுகர் பீன்ஸ் வகைகளில் லெக்டின் என்ற நச்சுப்பொருள் உண்டு, சிவப்பு பீன்ஸில் மிக அதிகம். அது மிதமான சூட்டில் போகாது, சரியாகக் கொதிக்கவே வேண்டும். அதனால் இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம், நான் அரை மணி நேரமே விடுகிறேன், தளதளவென்று கொதிக்க விட்ட பிறகுதான் பைக்குள் போக வேண்டும். அப்படிச் செய்தால் மாலையில் பையைத் திறக்கும்போது மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் நிற்கும், பீன்ஸின் தோல் ஒன்றுகூட வெடித்திருக்காது, விரலில் எடுத்து அமுக்கினால் உள்ளே மாவாக இருக்கும். அடுப்பில் கொதித்த பீன்ஸ் பாதி உடைந்து கஞ்சியாகிவிடும், இது முழுசாக நிற்கிறது. குடைந்த ரொட்டிக்குள் கறி ஊற்றும் நம் ‘பன்னி சௌ’வுக்கு இதைவிட நல்ல பீன்ஸ் கறி நான் வைத்ததில்லை. உடைத்த சோளத்தில் செய்யும் சாம்ப்பும் பீன்ஸும் இதே வழிதான்.

மட்டன் கறியும் நன்றாக வரும், ஆனால் வெங்காயம் வதக்குவது, மசாலா வறுப்பது, கறியைச் சிவக்கப் பிரட்டுவது எல்லாம் அடுப்பில்தான். தாளிக்கிற வேலையைப் பை செய்யாது. கறி சேர்த்து இருபது முப்பது நிமிடம் கொதித்த பிறகு பைக்குள் வைத்தால் நான்கைந்து மணி நேரத்தில் எலும்பைவிட்டுக் கழன்று வரும், உருளைக்கிழங்கு கரையாமல் அப்படியே இருக்கும். குழம்பு தண்ணியாக இருக்கும், அதுதான் ஒரே குறை. ஆவி வெளியே போகாததால் தண்ணீர் வற்றாது. வழக்கமாக ஊற்றுவதில் கால் பங்கைக் குறைத்துவிடுங்கள், அப்படியும் தண்ணியாக இருந்தால் கடைசியில் மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் மிச்சமாவதும் சின்ன விஷயமில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் இருந்த, டர்பனுக்கு வடக்கே உள்ள தோங்காட்காரர்களைக் கேட்டால் தெரியும்.

பிரியாணியை ஓவனில் வைப்பதற்குப் பதில் இதில் தம் போடலாம், எல்லா அடுக்கும் ஆவி பறக்கும் சூட்டில் இருந்தால் மட்டும். மீன் கறிக்கு வேண்டவே வேண்டாம், கரைந்துவிடும். கோழியும் ரொம்ப மிருதுவாகிவிடுகிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

அளவில் கறாராக இருக்க வேண்டும். முக்கால் பானையாவது நிறைந்திருக்க வேண்டும், உள்ளே காற்று அதிகமிருந்தால் சூடு சீக்கிரம் இறங்கும். 60 டிகிரிக்குக் கீழே போன இறைச்சி கெட ஆரம்பிக்கும், அதனால் இடையில் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள், பரிமாறும் முன் மறுபடி ஒரு கொதி விடுங்கள். தனியாக இருக்கிறவர்கள் ஒரு கப் பருப்புக்காக இதை வாங்குவதில் பொருளில்லை. இன்னொன்று, பையை ஒருபோதும் சூடான பிளேட் மேல் வைக்காதீர்கள், அது துணியும் ஃபோமும். பானைக்கு அடியில் ஒரு பழைய துவாலையைப் போட்டு வையுங்கள், மஞ்சள் கறை பட்டால் போகாது.

வாங்கித்தான் ஆக வேண்டுமா? இல்லை. வீட்டில் கூலர் பாக்ஸ் இருந்தால் பழைய துவாலை, கம்பளி எல்லாவற்றையும் அதில் அடைத்து நடுவில் பானையை வைத்தாலும் பருப்பு வேகும், நான் செய்து பார்த்திருக்கிறேன். இருப்பதை வைத்துச் செய்வதுதான் பூமிக்கு இன்னும் நல்லது. ஆனால் தினமும் சமைக்கிற பெரிய குடும்பத்துக்குப் பைதான் வசதி. கட்டினால் வேலை முடிந்தது, அதனால் சோம்பல் வராமல் நிஜமாகவே பயன்படுத்துவீர்கள். பாரஃபின் (மண்ணெண்ணெய்) அடுப்பில் சமைக்கிற வீட்டுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால் அங்கே புகையும் தீப்பிடிக்கும் பயமும் அத்தனை மணி நேரம் குறையும், அதை நினைத்தே நான் ஒரு பை கூடுதலாக வாங்கினேன்.

வாங்கப் போகிறவர்கள் பெரிய அளவையே எடுங்கள், கடைக்குப் போகும் முன் வீட்டிலுள்ள பானையின் குறுக்களவை அளந்துகொண்டு போங்கள். நீளக் கைப்பிடி வைத்த சட்டி உள்ளே உட்காராது. இரண்டு பக்கமும் காது வைத்த, மூடி இறுக்கமாக உட்காரும் கனமான பானைதான் இதற்குச் சரி.