கால் அளவைக்கூடக் கேட்காதவர்களிடம் ஆர்க்டிக் பயணத்துக்குப் பணம் கட்டாதீர்கள்

வடக்கு நார்வேயில் ஆல்டா ஊரிலிருந்து கிளம்பி, ஃபின்மார்க் பீடபூமியின் மேல் ஐந்து நாள் ஹஸ்கி நாய்வண்டிப் பயணம், அதாவது நாய்கள் பனிமேல் இழுத்துப்போகும் சறுக்குவண்டியில். ஆளுக்கு ஒரு வண்டி, வண்டிக்கு ஐந்து நாய்கள், நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர், ஒவ்வொரு இரவும் வேறொரு மலைக்குடில். குளிருடை, பூட்ஸ், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் கட்டணத்தில் அடக்கம். இப்படிச் சொல்லித்தான் என்னிடம் 21,000 நார்வே குரோனர் வாங்கினார்கள். எனக்குக் கிடைத்தது இரண்டரை நாள், பாதி வண்டி, ஈரமான பூட்ஸ். வலது கால் பெருவிரல் இன்றும் குளிர் பட்டால் எரிகிறது.

இது போன வருடம் பிப்ரவரியில் நடந்தது. அடுத்த குளிர்காலத்துக்குப் பலர் இப்போதே முன்பதிவு செய்துகொண்டிருப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே மாதிரி வேலை செய்யும் இணையதளங்கள் பல இருக்கலாம், பெயரைவிட அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைத் தெரிந்துவைத்திருப்பது உங்களுக்கு உதவும்.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஆஸ்லோவில் நான்கு வருடமாக வேலை. குளிர் எனக்குப் புதிதல்ல என்று நினைத்திருந்தேன். நகரக் குளிர் வேறு, பீடபூமிக் குளிர் வேறு. ஆல்டாவுக்குத் தென்கிழக்கே அதே பீடபூமியில் இருக்கும் காராஷோக்கில் 1886 ஜனவரி 1 அன்று மைனஸ் 51.4 டிகிரி பதிவாகியிருக்கிறது. நார்வேயின் மிகக் குறைந்த வெப்பநிலை அதுதான். அந்த ஊருக்கு வருகிறவரிடம் ஏற்பாட்டாளர் எத்தனை கேள்வி கேட்க வேண்டும்! என்னிடம் கேட்டது பெயர், மின்னஞ்சல், பணம் கட்டும் முறை, அவ்வளவுதான். பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒரு பக்கத் தாள் வந்தது. 'வெதுவெதுப்பான உள்ளாடையும் நல்ல மனநிலையும் கொண்டு வாருங்கள், மற்றதெல்லாம் எங்கள் பொறுப்பு' என்று இருந்தது.

எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். 1980களில் இலங்கையிலிருந்து வந்து ஃபின்மார்க் கடற்கரையின் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்த தமிழர்களில் அவரும் ஒருவர். போகும் முன் அவரிடம் போனில் பேசினேன்.

"தம்பி, சப்பாத்து என்ன நம்பர் எண்டு கேட்டவங்களோ?"

"இல்லண்ணே, எல்லாம் அவங்களே தருவாங்களாம்."

"கேக்காமல் எப்பிடித் தருவாங்கள்?"

அந்தக் கேள்விக்கு நான் அப்போதே நின்றிருக்க வேண்டும். அவர் சொன்னதில் பாதியைத்தான் கேட்டேன். மெரினோ கம்பளி உள்ளாடை இரண்டு செட், கம்பளி சாக்ஸ் நாலு ஜோடி, விரல் பிரியாத பெரிய கையுறை, அதற்குள்ளே போட மெல்லிய கம்பளிக் கையுறை, இவ்வளவும் வாங்கினேன். பூட்ஸ் மட்டும் வாங்கவில்லை. விலை அதிகம், அவர்கள்தான் தருகிறார்களே என்று விட்டுவிட்டேன்.

ஆல்டா விமான நிலையத்தில் யாரும் வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து வந்த வேன், நான் பதிவு செய்த நாய்ப்பண்ணைக்குப் போகவில்லை. அந்தப் பண்ணையில் இடம் நிறைந்துவிட்டதால் இன்னொரு சின்னப் பண்ணைக்கு எங்களைத் தள்ளிவிட்டிருந்தார்கள். 'அதிகபட்சம் ஆறு பேர்' என்று போட்டிருந்த குழுவில் ஒன்பது பேர். எங்களுக்கு வண்டி ஐந்து. இருவருக்கு ஒரு வண்டி, ஒருவர் ஓட்ட ஒருவர் உட்கார வேண்டும் என்றார்கள். பண்ணைக்காரர் தன் கைபேசியை என்னிடம் காட்டினார். எங்களைப் பற்றி அவருக்குத் தகவல் வந்ததே மூன்று நாள் முன்புதான். அதிலும் 'தொடக்கநிலையினர், குறும்பயணம்' என்றுதான் இருந்தது. என் 21,000 குரோனரில் அவருக்குப் போனது பாதிகூட இல்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் முதல் கோபம் அவர்மேல் இல்லை.

இப்போது பூட்ஸ். நடுத்தர அளவு பூட்ஸெல்லாம் மற்றவர்களுக்குப் போய்விட்டது. எனக்கு வந்த ஜோடி என் கம்பளி சாக்ஸோடு சேர்த்துப் போட்டால் விரலை அசைக்க இடமில்லை. அதைவிட மோசம், உள்ளே இருக்கும் கம்பளி உறை முந்தைய ஆள் போட்ட ஈரத்தோடேயே இருந்தது. இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். குளிர்நாட்டு பூட்ஸ் வழக்கத்தைவிட ஒன்று, இரண்டு அளவு பெரிதாக இருக்க வேண்டும். காலைச் சூடாக வைப்பது உள்ளே நிற்கும் காற்றும் தடையில்லாத ரத்த ஓட்டமும்தான், இறுக்கினால் இரண்டும் போய்விடும். உள்ளுறை கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும், ஒவ்வொரு இரவும் அதை வெளியே எடுத்து அடுப்புப் பக்கம் காயவைக்க வேண்டும். இதையெல்லாம் அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

நாய்வண்டியில் சும்மா நிற்பதுதானே என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. மேடு வந்தால் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும், அல்லது ஒரு காலால் பனியை உதைத்துக்கொண்டே நாய்களுக்கு உதவ வேண்டும். உடம்பு வேர்த்துவிடும். அடுத்த நிமிடம் சமவெளி, அசையாமல் நிற்கிறோம், எதிர்க்காற்று. மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 33 போல. பருத்தி பனியன் போட்டிருந்தால் அந்த வேர்வை காயாது, உடம்போடு ஒட்டிக் குளிரும். எங்கள் குழுவில் இரண்டு பேர் ஜீன்ஸ் போட்டு அதன்மேல் அவர்கள் கொடுத்த மேலுடையை மாட்டியிருந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. அந்த மேலுடைகளில் ஒன்றுக்கு ஜிப் கிடையாது, கயிறு கட்டியிருந்தார்கள்.

வழிகாட்டி ஒரே ஒரு பெண், அவருக்கு அதுதான் முதல் சீசன். ஒன்பது பேரையும் அத்தனை நாய்களையும் அவர் தனியாகப் பார்த்தார். நல்ல மனசு, தூக்கமே இல்லாத முகம். எங்களுக்குக் கிடைத்த பயிற்சி பத்து நிமிடம். பிரேக்கை மிதிப்பது, வண்டி நகராமல் பிடித்து நிறுத்தும் பனி நங்கூரத்தைக் காலால் அழுத்தி ஊன்றுவது, விழுந்தாலும் வண்டியின் கைப்பிடியை விடக்கூடாது என்பது. கடைசியாகச் சொன்னது ஏன் என்று அவர் சொல்ல நேரமில்லை. நாய்கள் வண்டியில் ஆள் இருக்கிறாரா என்று பார்த்து நிற்பதில்லை, ஓடிக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் ஆளில்லாத வண்டிக்கு பிரேக் பிடிக்க யாரும் கிடையாது, அது பின்வரிசை நாய்கள்மேலேயே ஏறிவிடும். இரண்டாம் நாள் ஒருவர் கைப்பிடியை விட்டுவிட்டார். நல்லவேளை வண்டி ஒரு புதரில் மாட்டியது.

நாய்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனம் வராது. ஹார்னஸ் என்ற இழுவைப் பட்டையை மாட்டியதும் அவை ஊளையிட்டுத் துள்ளும் துள்ளலும், கயிறு அவிழ்ந்த நொடியில் எல்லாச் சத்தமும் அடங்கி வெறும் மூச்சும் பனியின் உரசலும் மட்டும் கேட்பதும், நான் இதுவரை அனுபவித்ததிலேயே மிகப் பெரிய சந்தோஷங்களில் ஒன்று. அவை பெரும்பாலும் அலாஸ்கன் ஹஸ்கி, விளம்பரப் படங்களில் வரும் நீலக்கண் சைபீரியன் அல்ல. இருபது இருபத்தைந்து கிலோ இருக்கும், பார்க்க ஒல்லிதான். ஒல்லியாக இருப்பதை வைத்து மட்டும் பட்டினி போடுகிறார்கள் என்று முடிவு கட்டாதீர்கள், ஓடுவதற்காகவே வளர்த்த இனம். நீண்ட பந்தயங்களில் ஒரு நாய்க்கு ஒரு நாளைக்கு 10,000 கலோரி வரை தேவைப்படும் என்பார்கள். பார்க்க வேண்டியது பாதத்தை. என் வண்டியில் இடப்பக்கம் ஓடிய சாம்பல் நிற நாய்க்கு முதல் நாளே பாதத்தில் வெடிப்பு. பனி உறைந்து கூர்மையான இடத்தில் போட வேண்டிய துணிக் காலுறைகள் தீர்ந்துவிட்டன என்றார் வழிகாட்டி. மறுநாள் காலை அது மூன்று காலில் நின்றது. மாற்று நாய் இல்லை என்று அதையே மறுபடி பூட்டினார்கள். பனியில் சிவப்புப் புள்ளிகள் விழுவதை நான் வண்டியின் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே போனேன். மதியம் நானும் என் கூட்டாளியும் சேர்ந்து நிறுத்தச் சொன்னோம். அதற்கப்புறம் அது வண்டிக்குள் ஏறி என் மடியில் உட்கார்ந்து வந்தது. காலையிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும்.

அன்று இரவு வெளியே மைனஸ் 27. குடிலில் விறகு குறைவு, மூன்று மணிக்கு அடுப்பு அணைந்தது. அவர்கள் தளத்தில் 'மைனஸ் 27 வரை தாங்கும் ஸ்லீப்பிங் பேக்' என்று போட்டிருந்தது. டார்ச் அடித்து உள்ளே தைத்திருந்த சீட்டைப் படித்தேன். கம்ஃபர்ட் மைனஸ் 3, லிமிட் மைனஸ் 9, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 27. ஸ்லீப்பிங் பேக்குகளுக்கான ஐ.எஸ்.ஓ. 23537 என்ற சர்வதேசத் தர அளவுப்படி இந்த மூன்று எண்களும் வெவ்வேறு விஷயம். கம்ஃபர்ட் என்பதுதான் நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. லிமிட் என்பது சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய எல்லை. எக்ஸ்ட்ரீம் என்பது ஆறு மணி நேரம் செத்துப்போகாமல் இருக்கலாம், உடம்பு பாதிக்கப்படலாம் என்ற எல்லை. அந்த எண்ணை விளம்பரத்தில் போட்டு விற்கிறவர் தெரிந்தேதான் போடுகிறார்.

காலையில் என் பெருவிரல் மெழுகு மாதிரி வெளுத்து, தொட்டால் உணர்வில்லாமல் இருந்தது. தேய்க்கக்கூடாது, பனியை வைத்து உரசக்கூடாது, நேரடியாக நெருப்பில் காட்டக்கூடாது என்று அந்த அண்ணன் சொல்லியிருந்தார். கூட வந்த ஒருவர் தன் வயிற்றோடு என் காலை அணைத்து அரை மணி நேரம் வைத்திருந்தார். அவரை நான் மறக்க மாட்டேன். மூன்றாம் நாள் மதியம் பனி ஸ்கூட்டர்கள் வந்து எங்களைத் திரும்பக் கொண்டுபோய்விட்டன. பயணம் முடிந்தது. காரணம் 'வானிலை' என்றார்கள், வானம் தெளிவாக இருந்தது.

பணத்தைக் கேட்டபோதுதான் மீதி தெரிந்தது. 'நாங்கள் இடைத்தரகர் மட்டுமே' என்று ஒரு விதி அவர்கள் நிபந்தனைகளின் அடியில் இருந்தது. ஆனால் 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியத் தொகுப்புப் பயண விதிகள் நார்வேக்கும் பொருந்தும். தங்குமிடமும் பயணமும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால் ஏற்பாட்டாளர்தான் பொறுப்பு. முக்கிய அம்சங்களைக் கிளம்பும் முன்பே பெரிதாக மாற்றினால் கட்டணமில்லாமல் ரத்து செய்யலாம். கொடுத்தது குறைந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். குறையை அங்கேயே, தாமதமில்லாமல் சொல்ல வேண்டும். எழுத்தில் சொல்லுங்கள், படம் எடுங்கள். நான் பூட்ஸ், ஸ்லீப்பிங் பேக் சீட்டு, நாயின் பாதம் மூன்றையும் படம் எடுத்திருந்தேன், இன்று கையில் இருப்பது அவைதான்.

ஏற்பாட்டாளர் திவாலானால் பணத்தைத் திருப்பித் தர நார்வேயில் பயண உத்தரவாத நிதியம் ஒன்று இருக்கிறது, ரைஸெகராந்திஃபோன்டெ என்பார்கள். யார் யார் உறுப்பினர் என்று இணையத்தில் தேடலாம், ஐந்து நிமிட வேலை. மற்ற ஐரோப்பிய நாட்டு நிறுவனம் என்றால் அந்த நாட்டு உத்தரவாதம் எது என்று கேளுங்கள். என்னை ஏமாற்றியவர்கள் எதிலும் இல்லை. ஐந்து சதவீதத் தள்ளுபடி கிடைக்கிறது என்று நான் கிரெடிட் கார்டை விட்டுவிட்டு வங்கி மூலம் நேரடியாக அனுப்பியிருந்தேன். கார்டில் கட்டியிருந்தால் கார்டு கொடுத்த வங்கியிடம் தகராறு எழுப்பியிருக்கலாம், கூட வந்த ஒருவர் அப்படித்தான் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றார். எனக்கு 4,000 குரோனருக்கு ஒரு கூப்பன் அனுப்பினார்கள், அதே தளத்தில் மட்டும் செல்லுமாம். நான் வாங்கவில்லை. நாயின் பாதம் பற்றி மாட்டில்சினெட் என்ற அரசு அமைப்புக்குத் தனியாக எழுதினேன். நார்வேயின் விலங்கு நலச் சட்டப்படி அது பார்த்தவருடைய கடமை.

இந்த வருடம் மார்ச்சில் மறுபடி போனேன், வேறொரு சிறிய பண்ணையோடு, நேரடியாக அவர்களிடமே பதிவு செய்து. பணம் கட்டும் முன்பே அந்தப் பண்ணையை நடத்தும் பெண்மணி கேட்டது: உயரம், எடை, கால் அளவு, முழங்கால் வலி உண்டா, முட்டளவு பனியில் இருநூறு மீட்டர் மேடு ஏறி வண்டி தள்ள முடியுமா, மருந்து ஏதாவது சாப்பிடுகிறேனா, என் பயணக் காப்பீட்டில் நாய்வண்டி விலக்கப்பட்டிருக்கிறதா. முதல் நாள் கிளம்பவே இல்லை. எங்கள் பைகளைத் தரையில் கொட்டச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்து, பருத்தியை எல்லாம் ஒரு மூலையில் ஒதுக்கினார். ஹெட்லேம்புக்கு லித்தியம் பேட்டரி, அதையும் உடம்போடு ஒட்டிய பையில். ஒவ்வொரு மாலையும் நாய்களுக்கு இறைச்சி கலந்த வெந்நீர் கொடுத்து, நாலு பாதத்தையும் விரல் விரலாகப் பிரித்துப் பார்த்து, களிம்பு தடவி, அதற்கப்புறம்தான் எங்களுக்குச் சாப்பாடு. அவருடைய கட்டணம் நான் ஏமாந்ததைவிட 1,500 குரோனர்தான் அதிகம்.

என்னை ஏமாற்றிய அந்தத் தளம் இன்றும் திறந்திருக்கிறது. போன வாரம் பார்த்தேன். ஆளுக்கு ஒரு வண்டி, மைனஸ் 27 வரை தாங்கும் ஸ்லீப்பிங் பேக், எல்லாம் அடக்கம், அதே படம். வரும் பிப்ரவரிக்கு இன்னும் நான்கு இடங்கள் இருப்பதாகக் காட்டுகிறது.